மூவிணைய ஆல்கஹால்: லூகாஸில் முதல் ஆள், டைகுரோமேட்டில் ஏன் அசைவதே இல்லை?

06-07-2024, மாலை. குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவி கேட்டது:

"சார், லூகாஸ் சோதனையில் மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்குது, ஈரிணையம் அஞ்சு பத்து நிமிஷம் எடுத்துக்குது, ஓரிணையம் சூடு பண்ணினாத்தான். டைகுரோமேட்டில் அப்படியே தலைகீழ்: ஓரிணையம் வேகம், ஈரிணையம் அதைவிட மெதுவா, மூவிணையம் வினையே இல்லைன்னு டியூஷன்ல எழுதிப் போட்டாங்க. அதே மூணு ஆல்கஹால்தானே? வரிசை எப்படித் திரும்பும்? ரெண்டு வரிசையையும் மனப்பாடம் பண்ணிட்டா போதுமா?"

06-07-2024, இரவு

போதாது. இரண்டாவது வரிசை பாதிதான் சரி. அதற்கு அப்புறம் வருகிறேன். ஓஹெச் தொகுதி உட்கார்ந்திருக்கும் கார்பனோடு வேறு ஒரு கார்பன் மட்டும் சேர்ந்திருந்தால் ஓரிணையம், இரண்டு என்றால் ஈரிணையம், மூன்று என்றால் மூவிணையம்.

முதலில் எந்தப் பிணைப்பு உடைகிறது என்று பார். லூகாஸில், அதாவது அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் துத்தநாகக் குளோரைடும் கலந்த கரைசலில், உடைவது கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு. துத்தநாகக் குளோரைடு ஆக்ஸிஜனைப் பிடித்து இழுக்க, ஓஹெச் தொகுதி கழன்று போகிறது. மிஞ்சுவது கார்பன் நேர்மின் அயனி. பக்கத்தில் மூன்று கார்பன்கள் இருந்தால் அந்த அயனி நிலைத்து நிற்கும். மூவிணையம் முந்துவது அதனால்தான்.

டைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிற ஆக்ஸிஜனேற்றி அந்தப் பிணைப்பைத் தொடுவதே இல்லை. ஆல்கஹாலில் இருந்த ஆக்ஸிஜன் கடைசிவரை அதே கார்பனில்தான் இருக்கிறது. போவது இரண்டு ஹைட்ரஜன்: ஒன்று ஆக்ஸிஜன் மேலிருந்து, இன்னொன்று அந்தக் கார்பன் மேலிருந்து. மூவிணையத்தில் அந்தக் கார்பன் மேல் ஹைட்ரஜனே கிடையாது. எடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ஆக்ஸிஜனேற்றி என்ன செய்யும்?

ஆகவே எந்த வரிசையும் திரும்பவில்லை. இரண்டும் வேறு வேறு வினைகள்.

07-07-2024, காலை

ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் விரிவாகவே எழுதலாம்.

டைகுரோமேட்டோடு அமிலம் சேரும்போது கிடைக்கும் குரோமிக் அமிலம் ஆல்கஹாலைப் பார்த்ததும் ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடுவதில்லை. முதலில் இரண்டும் சேர்ந்து குரோமேட் எஸ்டர் உண்டாகிறது, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இந்தப் படி வேகமானது, முன்னும் பின்னும் போய்வரக்கூடியது. அடுத்த படிதான் மெதுவானது: கார்பன் மேலுள்ள ஹைட்ரஜன் கழன்று, அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் கார்பன்–ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பாகின்றன. குரோமியம் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, அதன் ஆக்ஸிஜனேற்ற நிலை ஆறிலிருந்து நான்குக்கு இறங்குகிறது. அதற்குப் பிறகு நான்கு, ஐந்து என்று இடைநிலைகளில் சுற்றி, கடைசியில் பச்சை நிற மூன்றில் வந்து நிற்கிறது.

இது ஊகம் இல்லையா என்று கேட்பாய். வெஸ்ட்ஹைமர் என்ற வேதியியலாளர் 1940களில் ஈரிணையமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வைத்தே இதைத் தோண்டிப் பார்த்தார். அவர் குழு நடுக் கார்பன் மேலிருந்த ஒற்றை ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்தை வைத்தது. டியூட்டீரியத்துக்கு எடை இரண்டு மடங்கு, பிணைப்பை உடைப்பது கடினம். வேகம் ஆறேழு மடங்கு குறைந்தது. மெதுவான படியில் அந்தப் பிணைப்பு உடையவில்லை என்றால் வேகம் இவ்வளவு விழுந்திருக்காது. கைக்கடங்கிய ஒரு சோதனை எவ்வளவு பெரிய கேள்வியை முடித்துவைக்கிறது! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

07-07-2024, மதியம்

இப்போது பாதி சரியான அந்த வரிசை.

'ஓரிணையம் ஈரிணையத்தைவிட வேகம்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அமிலம் கலந்த டைகுரோமேட்டில், எல்லாம் ஒரே செறிவில் இருக்கும்போது, மெத்தனால் ரொம்ப மெதுவு, ஓரிணையமான எத்தனால் அதைவிட வேகம், ஈரிணையமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இன்னும் வேகம். பக்கத்திலுள்ள கார்பன்கள் எலக்ட்ரானைத் தள்ளிக் கொடுத்து, ஹைட்ரஜன் கழல்வதைச் சுலபமாக்குகின்றன.

பிறகு ஏன் ஆய்வகத்தில் ஓரிணையம் 'நன்றாகப் பச்சையாகிறது' என்று எழுதுகிறார்கள்? இரண்டு காரணங்கள். ஈரிணையம் கீட்டோனோடு நின்றுவிடும். ஓரிணையம் ஆல்டிஹைடு, அதற்குப் பிறகு கார்பாக்சிலிக் அமிலம் என்று இரண்டு தடவை டைகுரோமேட்டைச் செலவழிக்கும். நிறம் அதிகம் மாறினால் அளவு அதிகம் என்றுதான் பொருள், வேகத்தைப் பற்றி அது பேசவில்லை. இரண்டாவது, எல்லாரும் குழாயில் 1 மில்லி, 1 மில்லி என்று ஊற்றுகிறார்கள். 1 மில்லி எத்தனாலில் சுமார் 17 மில்லிமோல், ஐசோபுரொப்பைலில் 13தான். ஒப்பிட வேண்டுமென்றால் மோல் கணக்கில் எடுக்க வேண்டும்.

07-07-2024, இரவு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நேரத்தை அளக்கும்போது ஆல்கஹால் தாராளமாக இருக்கட்டும், டைகுரோமேட் கொஞ்சமாக இருக்கட்டும். அப்போதுதான் ஆரஞ்சு மறையும் நேரத்தை வேகத்துக்கு அளவாக எடுத்துக்கொள்ளலாம். ஆல்கஹாலைக் குறைவாக வைத்தால் வேகமும் அளவும் ஒன்றோடொன்று கலந்துபோய், எதைப் பார்த்தோம் என்றே தெரியாது.

09-07-2024

காட்பாடி நண்பர் கேட்கிறார்: டைகுரோமேட்டை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகுமா?

ஆகாது, இந்த இடம் ரசமானது. நீரில் கரைந்த ஆறாம் நிலைக் குரோமியம் இரண்டு வடிவில் இருக்கிறது: ஒற்றைக் குரோமியம் உள்ள அமில குரோமேட் அயனி, இரண்டு சேர்ந்த டைகுரோமேட் அயனி. வினையின் வேகம் ஒற்றையைப் பொறுத்துத்தான் ஏறி இறங்குகிறது. செறிவை ஏற்ற ஏற்ற, ஒற்றைகள் ஜோடி சேர்ந்துகொள்ளும். ஆகவே வேகம் கூடும், ஆனால் இரட்டிக்காது.

அமிலத்தின் கதை வேறு. அதைக் கூட்டினால் வேகம் விறுவிறுவென்று ஏறும், சில வரம்புகளில் இரட்டிப்புக்கும் மேலே. வெப்பநிலைக்கு, பத்து டிகிரிக்குச் சுமார் இரண்டு மடங்கு என்ற பழைய கணக்கு போதும். வேலூரில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். மார்கழிக் காலையில் செய்த சோதனையையும், வெளியே 40ஐத் தாண்டும் அக்னி நட்சத்திர மதியத்தில் செய்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டர் போட்டு, குழாய்களை அதில் நிறுத்துங்கள். அறை வெப்பநிலை என்று நோட்டில் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு எண்ணை எழுதுங்கள்.

12-07-2024

ஆல்டிஹைடில் நிறுத்துவது எப்படி என்று மாணவி கேட்டிருந்தாள்.

பாடப்புத்தக வழி: உண்டாக உண்டாக வடித்து எடுத்துவிடு. எத்தனாலின் கொதிநிலை 78, அசிட்டால்டிஹைடின் கொதிநிலை சுமார் 20 டிகிரி. வித்தியாசம் பெரியது, வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் மே மாதம் குழாய்த் தண்ணீரே 30க்கு மேல். அந்தத் தண்ணீரைக் கண்டென்ஸரில் ஓடவிட்டால் 20 டிகிரியில் கொதிக்கிற பொருள் எப்படித் திரவமாகும்? குளிர்நாட்டில் எழுதிய செய்முறை அது. எங்கள் ஆய்வகத்தில் ஆவி அப்படியே கண்டென்ஸரைக் கடந்து வெளியே போய், அறை முழுக்க அந்த மூக்கைக் குத்தும் பழவாசனை அடித்தது. ஐஸ் கட்டியும் உப்பும் போட்ட தொட்டியில் சேகரிப்புக் குடுவையை இறக்கி வைத்தால்தான் ஏதாவது மிஞ்சும்.

என் யோசனை: எத்தனாலை விட்டுவிட்டு புரொப்பன்-1-ஆல் எடுங்கள். ஆல்கஹால் 97ல் கொதிக்கும், ஆல்டிஹைடு 49க்குப் பக்கம். வேலூர் தண்ணீருக்கு அது சரியாக வரும்.

12-07-2024, பின்னிரவு

ஆல்டிஹைடு ஏன் அங்கேயே நிற்காமல் அமிலம்வரை ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். தண்ணீர்தான் காரணம். ஆல்டிஹைடு நீரோடு சேர்ந்து ஹைட்ரேட் ஆகிறது. ஒரே கார்பனில் இரண்டு ஓஹெச், கூடவே ஒரு ஹைட்ரஜன். குரோமியத்தின் பார்வையில் அதுவும் ஒரு ஆல்கஹால்தான். மறுபடி எஸ்டர், மறுபடி ஹைட்ரஜன் இழப்பு.

அப்படியானால் தண்ணீரை எடுத்துவிட்டால்? அதைத்தான் கோரி, சக்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1975ல் செய்தார்கள். பிரிடினியம் குளோரோகுரோமேட், சுருக்கமாக பிசிசி, டைகுளோரோமீத்தேன் கரைப்பானில். தண்ணீர் இல்லை, ஹைட்ரேட் இல்லை, ஆல்டிஹைடோடு வினை நின்றுவிடும். எம்.எஸ்சி. படிக்கும்போது பென்சைல் ஆல்கஹாலில் இதைச் செய்தேன். ஆரஞ்சுத் தூள் கறுத்துப் பிசுபிசுவென்று தார் மாதிரி குடுவையில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டிய திரவத்தில் பாதாம் எசென்ஸ் வாசனை. அந்த வாசனை வந்ததும் உடன் படித்தவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

17-07-2024

ஆம்பூர் வாசகர்: "எங்க லேபில் டெர்ட் பியூட்டைல் ஆல்கஹாலும் லேசா பச்சையாச்சு. உங்க விதி உடைஞ்சுதா?"

அமிலம் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு நேரம் சூடு பண்ணினீர்கள்? அடர்ந்த கந்தக அமிலமும் சூடும் சேர்ந்தால் மூவிணைய ஆல்கஹால் தண்ணீரை இழந்து ஆல்கீன் ஆகும். அதன் இரட்டைப் பிணைப்பைக் குரோமிக் அமிலம் தாக்கும். நீங்கள் பார்த்த பச்சை அந்த ஆல்கீனுடையது. அமிலத்தை நீர்த்து, அறைச் சூட்டிலேயே வைத்துப் பாருங்கள், ஆரஞ்சு அப்படியே நிற்கும்.

பாட்டிலையும் சந்தேகப்படலாம். கொஞ்சம் ஈரிணையக் கலப்படம் இருந்தால்கூட முதலில் லேசாகப் பச்சை கலந்து, அப்புறம் மாறாமல் நின்றுவிடும். தூய டெர்ட் பியூட்டைல் ஆல்கஹால் 25 டிகிரிக்குப் பக்கம் உறையும். ஏலகிரியில் ஒரு ராத்திரி வைத்தால் கட்டியாகிவிடும். ஐஸ் தண்ணீரில் வைத்தும் முழுசாக உறையாமல் கொழகொழவென்று இருந்தால் கலப்படம், அல்லது ஈரம் வாங்கியிருக்கிறது.

இன்னொன்று. 'மூவிணையம் குரோமியத்தோடு வினையே புரியாது' என்பதும் முழு உண்மை இல்லை. எஸ்டர் உண்டாகும். டெர்ட் பியூட்டைல் குரோமேட் என்றே ஒரு பொருள் இருக்கிறது, அதையே ஆக்ஸிஜனேற்றியாகவும் பயன்படுத்துகிறார்கள். எஸ்டர் உண்டாகியும் அடுத்த படிக்கு ஹைட்ரஜன் இல்லாததால் அங்கேயே நின்றுவிடுகிறது. இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

21-07-2024

வாணியம்பாடி பாய் ஒருவர் கேட்டார், "நாங்க தினமும் போடுற சிஓடி டெஸ்ட்டும் இதே வினைதானே சார்?"

அதே வினைதான் பாய், இன்னும் முரட்டுத்தனமாக. சிஓடி என்பது தண்ணீரிலுள்ள கரிம மாசை ஆக்ஸிஜனேற்ற எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று அளக்கும் சோதனை. ஆசிரியர் வேலைக்கு வரும் முன் அந்தப் பக்கத்தில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் இருந்தேன். தோல் கழிவுநீர், டைகுரோமேட், பாதிக்குப் பாதி கந்தக அமிலம், 150 டிகிரியில் இரண்டு மணி நேரம். மிஞ்சிய டைகுரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டால் அளந்தால், எவ்வளவு செலவானது என்று தெரியும். ஃபெராயின் என்ற நிறங்காட்டி நீலப்பச்சையிலிருந்து செங்காவிக்கு ஒரே துளியில் மாறும் அந்தக் கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கிராம் எத்தனாலுக்குக் கணக்குப்படி 2.09 கிராம் ஆக்ஸிஜன் தேவை.

அதில் வெள்ளி சல்ஃபேட் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள், விலை கையைக் கடிக்கிற பொருள் அது. எத்தனால் ஆக்ஸிஜனேறி அசிட்டிக் அமிலம் ஆகும், அங்கே நின்றுவிடும். அசிட்டிக் அமிலத்தை டைகுரோமேட்டால் லேசில் அசைக்க முடியாது. வெள்ளி வினையூக்கியாக இருந்தால்தான் நேர்ச்சங்கிலி ஆல்கஹால்களும் அமிலங்களும் முழுசாக எரிந்து முடியும். ஆனால் தோல் கழிவுநீரில் உப்பு ஏராளம். குளோரைடு வெள்ளியைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும், டைகுரோமேட்டையும் தின்னும். அதற்குத்தான் பாதரச சல்ஃபேட். தண்ணீரின் மாசை அளக்க குரோமியம், வெள்ளி, பாதரசம் மூன்றும் செலவாகின்றன. அந்தக் கழிவை அமிலத் தொட்டியில் ஊற்றாமல் தனி கேனில் சேர்க்கச் சொல்லி அன்றும் சண்டை போட்டேன், இன்றும் போடுவேன்.

24-07-2024

பாய் தொடர்ந்து எழுதியதைப் படித்து, தோல் பக்கமே போய்விட்டேன்.

தோல் பதனிடப் போடுவது மூன்றாம் நிலைக் குரோமியம், பேசிக் குரோமியம் சல்ஃபேட். ஆறாம் நிலை தோலைப் பதனிடாது. ஆனால் தொழிற்சாலையில் தொடங்குவது சோடியம் டைகுரோமேட்டிலிருந்துதான். அதை மூன்றுக்கு இறக்க என்ன போடுகிறார்கள்? கந்தக அமிலமும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகும், இல்லையென்றால் குளுக்கோஸ். சில இடங்களில் சல்ஃபர் டை ஆக்ஸைடு. பழைய காலத்தில் தோல் கம்பெனிக்காரர்களே தொட்டியில் காய்ச்சிக்கொள்வார்களாம், பாகை மெதுவாக விடாவிட்டால் பொங்கி வெளியே வந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மாணவி, இங்கே கவனி. சர்க்கரை என்பது வரிசையாக ஓஹெச் தொகுதிகள் நிற்கிற ஒரு பொருள். ஓரிணையமும் ஈரிணையமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. முழுசாக எரிந்தால் ஒரு மோல் குளுக்கோஸ் நான்கு மோல் டைகுரோமேட்டை இறக்கும். 180 கிராம் குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ சோடியம் டைகுரோமேட் (படிக நீரையும் சேர்த்து) என்பது கணக்கு. நடைமுறையில் முழுசாக எரியாது, நடுவில் கரிம அமிலங்கள் மிஞ்சும். அவை குரோமியத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தோலுக்குள் அது நிதானமாக இறங்க உதவும். உன் சோதனைக் குழாயிலுள்ள அதே வினை நம் மாவட்டத்துக்குச் சோறு போட்டிருக்கிறது.

மாவட்டம் என்று சொன்னது பழைய வட ஆற்காட்டை மனதில் வைத்து. 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். தோல் மட்டும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை.

25-07-2024

நேற்று எழுதியதை ராணிப்பேட்டையைச் சொல்லாமல் முடித்திருக்கக் கூடாது என்று காலையிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அங்கே சிப்காட்டில் மூடிக் கிடக்கும் ஒரு குரோமேட் ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துக் காற்றில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்து, நீரில் கரைத்து டைகுரோமேட் எடுப்பார்கள். மிஞ்சும் சக்கையில் ஆறாம் நிலைக் குரோமியம் கொஞ்சம் தங்கிவிடும். மழை பெய்தால் அது கரைந்து மஞ்சள் தண்ணீராக நிலத்தடிக்கு இறங்கும். மூன்றாம் நிலை மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆறாம் நிலை தண்ணீரோடு ஓடும், உடலுக்குள்ளும் எளிதாகப் புகும், புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு வரையறை.

பாலாற்றுத் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996ல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் தந்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிற எல்லாரும் படிக்கிறார்கள். வேதியியல் படிக்கிறவர்களும் படிக்க வேண்டும். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு வருமுன்னே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று அங்கேதான் அழுத்தமாகச் சொன்னார்கள்.

28-07-2024

போலீஸ் ஊதச் சொல்லும் கருவி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 1954ல் போர்கன்ஸ்டைன் செய்த பழைய கருவியில் இருந்தது டைகுரோமேட்டும் கந்தக அமிலமும்தான், வினையூக்கியாக வெள்ளி நைட்ரேட். நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று ஒளியால் அளப்பது. இப்போது சாலையில் நீட்டுவது எரிபொருள் மின்கலம்: பிளாட்டினம் மின்வாயில் எத்தனால் ஆக்ஸிஜனேறும், அதன் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்.

28-07-2024, இரவு

குடி என்றதும் கள்ளக்குறிச்சி ஞாபகம் வந்துவிட்டது. 2024 ஜூனில்தான் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தார்கள். இந்த இழையின் விஷயமே அங்கேயும் இருக்கிறது: வேகம்.

கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதிதான் ஆக்ஸிஜனேற்றுகிறது. எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்கும், வேறொரு நொதி அதை அசிட்டேட்டாக்கும். மெத்தனாலையும் அதே நொதிதான் எடுக்கிறது, ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். கண் நரம்பையும் செல்லின் சுவாசத்தையும் கெடுப்பது அந்த ஃபார்மிக் அமிலம். குழாயில் பார்த்தது போலவே உடம்பிலும் மெத்தனால் மெதுவாகத்தான் ஆக்ஸிஜனேறும். குடித்தவர் முதல் ராத்திரி சாதாரண போதையில் இருப்பது போலவே இருப்பார். அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் கண் மங்கும், மூச்சு வாங்கும், வயிறு வலிக்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். மெத்தனால் என்று சந்தேகம் வந்த அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அங்கே ஃபோமெபிசோல் என்ற மருந்து தருவார்கள், அது நொதியை மறித்துவிடும். அது கிடைக்காத இடத்தில் அளந்து எத்தனாலே தருவார்கள். நொதி எத்தனாலைத்தான் இறுக்கமாகப் பிடிக்கும், மெத்தனால் காத்திருக்க நேரும், அதற்குள் டயாலிசிஸில் அதை வெளியே எடுத்துவிடலாம். இது மருத்துவர் ரத்தத்தை அளந்து பார்த்துச் செய்கிற வேலை. வீட்டில் யாரும் சாராயம் ஊற்றிப் பார்க்கக் கூடாது.

03-08-2024

திரும்ப வேகத்துக்கு வருகிறேன். காட்பாடி நண்பர் "அப்போ ஈரிணையம்தான் வேகம்னு எழுதிக்கலாமா?" என்கிறார். அதையும் எழுதாதீர்கள். ஆக்ஸிஜனேற்றியைச் சொல்லாமல் வரிசை சொல்லவே முடியாது.

அசிட்டிக் அமிலத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட்: ஈரிணையத்தை முதலில் எடுக்கும், ஓரிணையம் காத்திருக்கும். அதே ஹைப்போகுளோரைட்டோடு டெம்போ என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தால் வரிசை மாறும், ஓரிணையம் முந்தும். டெம்போவின் நைட்ரஜனைச் சுற்றி நான்கு மெத்தில்கள் நிற்கின்றன, நெருக்கமான ஈரிணையம் அதை அண்ட முடியாது. மாங்கனீசு டை ஆக்ஸைடு இரட்டைப் பிணைப்புக்கோ பென்சீன் வளையத்துக்கோ பக்கத்தில் இருக்கும் ஓஹெச்சைத்தான் விரும்பும், சாதாரண ஆல்கஹால்களைக் கண்டுகொள்ளாது.

நெருக்கம் என்றாலே மெதுவு என்றும் நினைக்க வேண்டாம். சைக்ளோஹெக்சனால் வளையத்தில் ஓஹெச் மேலும் கீழுமாக நிற்கும் அச்சுநிலையில் இருந்தால் பக்கத்து ஹைட்ரஜன்களோடு இடித்துக்கொண்டிருக்கும். அதுதான் குரோமிக் அமிலத்தில் வேகமாகப் போகிறது, பக்கவாட்டில் நிற்பது மெதுவாகப் போகிறது. காட்பாடி ஜங்ஷனில் ஜெனரல் பெட்டியிலிருந்து இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும், உள்ளே இருக்கிற நெரிசலே வெளியே தள்ளிவிடும். கீட்டோன் ஆனதும் அந்த இடிபாடு தீர்ந்துவிடுகிறது. எஸ்டரே உண்டாக முடியாத அளவு நெருக்கினால் மட்டும் கதை மாறும்.

04-08-2024

பெர்மாங்கனேட் பற்றி ஒரே ஒரு விஷயம், அதுவும் எச்சரிக்கைக்காக. கார ஊடகத்தில் ஆல்கஹால் அயனியாக மாறி ஹைட்ரஜனைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும், வேகம் கூடும், ஊதா பச்சையாகிக் கடைசியில் பழுப்பு வீழ்படிவாகும். அது பாதுகாப்பான நீர்த்த கரைசலில். பெர்மாங்கனேட் தூளின் மேல் கிளிசரின் விடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்யாதீர்கள். இரண்டும் மருந்துக்கடையில் கிடைக்கும் என்பதுதான் ஆபத்து. கிளிசரினில் மூன்று ஓஹெச். முதலில் ஒன்றும் நடக்காது, சூடு உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும், அப்புறம் திடீரென்று தீப்பிடிக்கும். எத்தனை நொடியில் என்பது தூளின் நயத்தையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது. அணைந்துவிட்டது என்று குனிந்து பார்க்கிற நேரத்தில் முகத்தில் அடிக்கும்.

10-08-2024

மாணவி எழுதியிருக்கிறாள்: பள்ளி கண்காட்சிக்கு நான்கு ஆல்கஹால்களின் வேகத்தை அளந்து காட்ட ஆசிரியர் அனுமதித்துவிட்டார், எப்படித் தொடங்குவது?

ரொம்ப சந்தோஷம். மெத்தனால், எத்தனால், ஐசோபுரொப்பைல், டெர்ட் பியூட்டைல். மெத்தனாலை ஆசிரியரே ஊற்றட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். எல்லாம் ஒரே மோல் அளவு, நீர் சேர்த்து ஒரே கன அளவு. கந்தக அமிலத்தை நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் நீரில் அமிலம். டைகுரோமேட் இளம் ஆரஞ்சாகத் தெரிகிற அளவு போதும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், டைகுரோமேட் தூளை ஆசிரியர் மட்டும் எடுக்கட்டும், தூசி மூச்சில் போகக் கூடாது. 30 டிகிரித் தண்ணீர்த் தொட்டி, வெள்ளைத்தாள் பின்னணி, பக்கத்தில் ஆல்கஹால் இல்லாத ஒரு குழாய். ஆரஞ்சு எப்போது போனது என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறியுங்கள், கண் ஒருவருக்கொருவர் மாறும்.

முடிந்ததும் எதையும் தொட்டியில் ஊற்றாதே. எல்லாவற்றையும் ஒரே பீக்கரில் சேர். டெர்ட் பியூட்டைல் குழாயில் ஆறாம் நிலை அப்படியே இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அமிலமாக, பிஹெச் 3க்குக் கீழே இருக்கும்போதே ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலைச் சேர்த்துக்கொண்டே வா, ஆரஞ்சு துளியும் இல்லாமல் போகிறவரை. பிறகு சுண்ணாம்பு நீர் விட்டு பிஹெச் 8, 9க்குக் கொண்டு வந்தால் குரோமியம் இரும்போடு சேர்ந்து சேறாகக் கீழே இறங்கும். ஒரு ராத்திரி தெளியவிட்டு வடிகட்டி, சேற்றைக் காயவைத்து டப்பாவில் மூடி, பெயர் எழுதி ஆசிரியரிடம் கொடு. எரிக்கவோ ப்ளீச்சிங் பவுடரோடு கலக்கவோ வேண்டாம், திரும்ப ஆறுக்கு ஏறிவிடும்.

அளந்த நேரங்களை இங்கே போடு. மெத்தனாலுக்குப் பொறுமை வேண்டும், அதை முதலில் தொடங்கிவிட்டு மற்றவற்றுக்குப் போ.